தென்கிழக்கு ஆசியாவின் நிலமும் கடலும்: கடலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பாதிரிப்புலியூரில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள், குரூப் தேர்வுக்குப் படிப்பவர்களும் வருவார்கள். புவியியலில் வேறு எந்தப் பகுதிக்கும் இல்லாத அளவுக்குத் தென்கிழக்கு ஆசியாவைப் பற்றித்தான் கேள்விகள் வருகின்றன. பாதி வீடுகளில் யாராவது ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார். சுனாமி அந்தப் பக்கமிருந்து வந்தது. புதுச்சேரியிலோ வியட்நாமின் சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) கதை கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. பிள்ளைகளை விட்டுப்போக வரும் பெரியவர்களும் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மறுபடி சொல்லவில்லை. "மேலே சொன்னது" என்று இருந்தால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்கிழக்கு ஆசியான்னா எந்தெந்த நாடு சார்? சிங்கப்பூர், மலேசியா மட்டும்தானே?

பதினோரு நாடுகள். மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் ஆகிய ஐந்தும் ஆசியப் பெருநிலத்தோடு ஒட்டியவை. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், புருனே, கிழக்குத் திமோர் தீவுப் பக்கம். மலேசியா பாதி தீபகற்பத்திலும் பாதி போர்னியோ தீவிலும் கிடக்கிறது. லாவோஸுக்கு மட்டும் கடற்கரை கிடையாது. இது ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்துகொண்டே இருக்கும்.

மொத்த நிலப்பரப்பு 45 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவில் வரும். இந்தோனேசியாவில் மட்டும் 17,000-க்கு மேல் தீவுகள், பிலிப்பைன்ஸில் 7,600-க்கு மேல். இதையெல்லாம் பெயர் பெயராக உருப்போட்டுப் பயனில்லை. ஆழமில்லாத கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு பெரிய நிலம், அதைச் சுற்றி ஓடும் எரிமலை வரிசை, வருடத்துக்கு இரண்டு தடவை திசை மாறும் காற்று. இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவற்றை நீங்களே ஊகித்துவிடலாம்.

நம்ம சில்வர் பீச்சுல நின்னு நேர் கிழக்கே போயிக்கிட்டே இருந்தா எங்க போயிச் சேருவோம்?

எல்லோருக்கும் பிடித்த கேள்வி இது. மேப்பில் அடிக்கோலை வைத்துப் பிள்ளைகளையே கோடு போடச் சொல்வேன். கடலூர் ஏறத்தாழ 11.75 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டிலேயே போனால் சுமார் 1,400 கிலோமீட்டருக்கு வெறும் வங்காள விரிகுடா. அப்புறம் முதலில் தட்டுப்படுவது தெற்கு அந்தமான், போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சற்று வடக்கே. அதைத் தாண்டினால் அந்தமான் கடல், பிறகு மியான்மரின் தெற்கு வாலில் மெர்குய் தீவுகள்.

அடுத்து வருவதுதான் வேடிக்கை. அந்த வாலின் மலைத்தொடரை ஏறி இறங்கினால் தாய்லாந்தின் பிரச்சுவாப் கிரி கான். தாய்லாந்தின் மிகக் குறுகலான இடங்களில் ஒன்று அந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. மியான்மர் எல்லைக்கும் கடலுக்கும் இடையில் பதினொரு கிலோமீட்டர் போல. கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகிற தூரத்துக்குள் ஒரு நாடு முடிந்துவிடுகிறது. பிறகு தாய்லாந்து வளைகுடா, கம்போடியாவின் கார்டமம் மலைகள், அதன் தலைநகர் நோம் பென்னுக்குக் கொஞ்சம் வடக்கே சமவெளி, வியட்நாமின் தாலாத் மேட்டு நிலத்துக்கு அருகே, கடைசியில் காம் ரான் கரை. இன்னும் போனால் தென்சீனக் கடல், பிலிப்பைன்ஸின் பனாய், சமார் தீவுகள். அதற்கப்புறம் பசிபிக்.

இந்த ஒரே கோட்டில் எரிமலை வளைவு, தீபகற்பம், ஆழமில்லாத வளைகுடா, ஆற்றுச் சமவெளி, மேட்டு நிலம், தீவுக்கூட்டம் எல்லாமே வந்துவிடுகின்றன.

மேப்புல பார்த்தா நிலம் உடைஞ்சு சிதறின மாதிரி இருக்கே. எப்பவுமே இப்படித்தான் இருந்துச்சா?

இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், உலகத்தின் தண்ணீரில் பெரும் பங்கு பனியாக உறைந்து நிலத்தின் மேல் நின்றது. கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் கீழே. ஜாவாக் கடலின் சராசரி ஆழம் 50 மீட்டர்கூட இல்லை. தாய்லாந்து வளைகுடாவின் ஆழமான இடமே 80 மீட்டரை ஒட்டித்தான். கணக்கை நீங்களே போடுங்கள். இவை அத்தனையும் அப்போது காய்ந்த நிலம். மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலமாகச் சேர்ந்திருந்தன. அந்த மூழ்கிய பரப்பைச் சுந்தா கண்டத்திட்டு என்கிறார்கள்.

பனி உருக உருகக் கடல் ஏறியது. ஒரே ராத்திரியில் வந்த வெள்ளமல்ல, பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தது. உயரமான இடங்கள் தீவுகளாக மிஞ்சின. அந்தக் காலத்தில் சுமத்ராவிலிருந்தும் போர்னியோவிலிருந்தும் இறங்கிய ஆறுகள் நடுவில் ஒன்றுசேர்ந்து ஓடிய தடம் இன்றும் கடல்தரையில் பள்ளமாகத் தெரிகிறது. கிழக்குச் சுமத்ரா ஆறுகளிலும் மேற்குப் போர்னியோ ஆறுகளிலும் ஒரே வகை நன்னீர் மீன்கள் பல இருக்கின்றன. நன்னீர் மீன் உப்புக்கடலை நீந்திக் கடக்காது. ஆறு ஒன்றாக இருந்தால்தான் இது நடக்கும்.

அப்ப அதுதானே சார் குமரிக்கண்டம்?

மேலே உள்ள பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். ஆசை புரிகிறது, ஆனாலும் இல்லை. சுந்தா நிலம் மூழ்கியதற்குக் காரணம் அது ஆழமில்லாத கண்டத்திட்டாக இருந்ததுதான். கன்னியாகுமரிக்குத் தெற்கே அப்படிப்பட்ட திட்டு கொஞ்ச தூரம்தான் போகிறது. அதைத் தாண்டினால் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள பெருங்கடல் தரை. கடல்மட்டம் 120 மீட்டர் இறங்கினாலும் அங்கே கண்டம் எழும்பாது.

நம் பக்கமும் நிலம் மூழ்கியது உண்மை. பாக் நீரிணை ஆழமற்றது என்பதால் பனியூழிக் காலத்தில் இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். கடலூரின் கரையும் இன்றைக்குக் கடலாக இருக்கும் இடத்துக்குள் சில பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்திருக்கும். நம்மிடம் மூழ்கியது கரையோரப் பட்டை. அங்கே மூழ்கியது ஒரு துணைக்கண்ட அளவு நிலம்.

பாலியில புலி இருந்துச்சாம், பக்கத்துத் தீவுல இல்லவே இல்லையாம். நீந்திப் போயிருக்காதா?

பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே உள்ள நீரிணை 35 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் 250 மீட்டருக்கு மேல் ஆழம். கடல் 120 மீட்டர் இறங்கியபோதும் அங்கே தண்ணீர் வற்றவில்லை. பாலி வரைக்கும் நிலவழியாகப் புலி வந்தது. 20-ஆம் நூற்றாண்டில்தான் அங்கே அழிந்தது. லொம்போக்குக்கு வழியே இல்லை. நீரிணைக்கு இந்தப் பக்கம் ஆசிய விலங்குகள். அந்தப் பக்கம் போகப்போகக் கொண்டைக் கிளி, பையில் குட்டி சுமக்கும் விலங்குகள் என்று ஆஸ்திரேலிய வாடை அடிக்கும்.

1856-இல் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கையாளர் பாலியிலிருந்து லொம்போக்குக்குப் போனபோது பறவைகள் சட்டென்று மாறுவதைக் கவனித்தார். கடல்தரையின் ஆழத்தை அளக்க இன்றைய கருவிகள் எதுவும் இல்லாத காலம் அது. பறவையைப் பார்த்தே கடல்தரையின் கதையைப் பிடித்தார். லொம்போக் நீரிணை வழியாக, போர்னியோவுக்கும் சுலாவெசிக்கும் நடுவே வடக்கே போகும் அந்தக் கோட்டுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இந்தோனேசியாவுல மட்டும் எதுக்கு இவ்ளோ எரிமலை?

நாம் நிற்கும் புவித்தட்டுதான் (பூமியின் மேலோடு பிரிந்து கிடக்கும் பெரிய பாளங்களில் ஒன்று) காரணம். இந்திய, ஆஸ்திரேலியத் தட்டு வடக்கு, வடகிழக்குப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. சுமத்ரா, ஜாவாவுக்கு வெளியே கடலடியில் சுந்தா அகழி என்று ஒரு நீளமான பள்ளம் உண்டு. அங்கே நம் தட்டு எதிர்த் தட்டின் அடியில் புகுந்து கீழே இறங்குகிறது. இறங்கும் பாறையோடு கடல்நீரும் சேர்ந்து போகிறது. சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் வெளியேறி மேலே உள்ள சூடான பாறைக்குள் கலக்கிறது. நீர் கலந்தால் பாறை உருகும் வெப்பநிலை குறையும். உருகியது மேலே ஏறி எரிமலையாகிறது. அதனால்தான் எரிமலைகள் அகழிக்கு இணையாக, ஒரே தூரம் தள்ளி, வரிசை கட்டி நிற்கின்றன. இந்தோனேசியாவில் உயிரோடு இருக்கும் எரிமலைகள் சுமார் 130.

இந்த வரிசையை மேற்கே பிடித்துக்கொண்டு வந்தால் நிக்கோபார், அந்தமான், மியான்மரின் அராக்கன் மலை என்று வரும். இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலையான பாரன் தீவு (Barren Island) அந்தமானில் இருப்பது இதனால்தான். அரசியல் மேப்பில் அந்தமான் நம்முடையது. நிலவியலில் அது சுமத்ராவின் அண்ணன் தம்பி.

போர்னியோவுல மட்டும் எரிமலையே இல்லையாமே?

உயிரோடு இருப்பது இல்லை. அகழியிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே உள்ள கினபாலு மலை (4,095 மீட்டர்) பார்க்க எரிமலை மாதிரி தனியாக நிற்கும். ஆனால் அது நிலத்துக்கடியில் இறுகி, பிறகு மேலே தள்ளப்பட்ட கிரானைட். இந்தோனேசியா தன் புதிய தலைநகரைப் போர்னியோவின் கிழக்குப் பக்கம் கட்டுவதற்குச் சொன்ன காரணங்களில், அங்கே நிலநடுக்க ஆபத்து குறைவு என்பதும் ஒன்று.

சுனாமி சுமத்ராவுலருந்து அவ்ளோ தூரம் தாண்டி தேவனாம்பட்டினத்துக்கு வந்துச்சு. பக்கத்துல இருக்குற சிங்கப்பூருக்கு ஏன் வரல?

2004 டிசம்பர் 26, நம் நேரப்படி காலை 6:29-க்கு நிலம் குலுங்கியது. அளவு 9.1 என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, உடைப்பு ஒரு புள்ளியில் நடக்கவில்லை என்பதுதான். சுமத்ராவின் வடமேற்கிலிருந்து நிக்கோபார், அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு, தெற்கு வடக்காகக் கடல்தரை கிழிந்தது. அதனால் அலையின் முழு வேகமும் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே, கிழக்கிலும் மேற்கிலும் போனது. மேற்கே இலங்கையும் நாமும், கிழக்கே தாய்லாந்து. வடக்கே இருந்த வங்கதேசம் பெரும்பாலும் தப்பித்தது. சுமத்ரா தீவே நடுவில் சுவராக நின்றதால் சிங்கப்பூரும் தப்பித்தது. மலாக்கா நீரிணையின் வடக்கு வாயில் இருந்த பினாங்கு, கெடா கரைகளில் உயிர்ச்சேதம் இருந்தது. நீரிணைக்குள் போகப்போகக் கடல் குறுகி, ஆழம் குறைந்து, அலை வலுவிழந்துவிட்டது.

நடுக்கடலில் சுனாமியின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. வங்காள விரிகுடாவின் ஆழத்துக்கு மணிக்கு 650 கிலோமீட்டருக்கு மேல் வரும். அந்தமான், நிக்கோபார் பக்கமிருந்து நமக்குள்ள தூரத்துக்கு இரண்டு மணி நேரக் கணக்கு. கரையில் இருந்தவர்கள் சொல்லும் நேரமும் அதோடு ஒத்துப்போகிறது. ஜெட் விமான வேகத்தில் வரும் அதே அலை ஆழ்கடலில் போட்டில் இருந்தவர்களுக்குத் தெரியாமலே கடந்து போனது. அங்கே அதன் உயரம் சொற்பம். கரை ஏறும்போதுதான் வேகம் குறைந்து உயரம் கூடும்.

கடல் முதல்ல உள்ளே வாங்கும், அதைப் பார்த்து ஓடிடலாம்னு சொல்றாங்களே. நம்ம ஊருல அப்படி ஆகலையே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். மேலே சொன்ன உடைப்பில் மேற்குப் பக்கத் தரை மேலே எழும்பியது, கிழக்குப் பக்கம் கீழே இறங்கியது. அதனால் தாய்லாந்துப் பக்கம் முதலில் போய்ச் சேர்ந்தது பள்ளம். கடல் உள்வாங்கி, பிறகு அலை வந்தது. நம் பக்கம் முதலில் வந்ததே மேடு. உள்வாங்கல் அலைகளுக்கு இடையில்தான் நடந்தது. ஆகவே கடல் உள்வாங்கினால் ஓடுங்கள். உள்வாங்கவில்லை என்பதற்காக நிற்காதீர்கள். எச்சரிக்கை வந்தால் போதும்.

இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை, கிரேட் நிக்கோபாரில், அன்று நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது.

வெடிக்கிற மலைன்னு தெரிஞ்சும் அங்க போயி ஏன் குடியிருக்காங்க?

சோறு போடுவதால். ஜாவா தீவின் பரப்பு ஏறத்தாழ நம் தமிழ்நாட்டின் பரப்பு, 1.3 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் 15 கோடிப் பேர் வாழ்கிறார்கள், நம்மைப் போல இரண்டு மடங்கு. எரிமலைச் சாம்பல் சிதைந்து வரும் மண்ணில் சத்து அதிகம். மழையும் உண்டு. மலைச்சரிவில் படிப்படியாக வயல் வெட்டி வருடத்துக்கு இரண்டு, மூன்று போகம் நெல் எடுக்கிறார்கள். போர்னியோவில் காடு அடர்த்தியாக இருப்பதைப் பார்த்து மண்ணும் வளம் என்று நினைக்கிறோம். அங்கே சத்தெல்லாம் மரத்திலும் சருகிலும்தான். காட்டை வெட்டினால் ஓயாத மழை மண்ணின் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

விலையும் கொடுக்கத்தான் செய்கிறார்கள். 1815-இல் சும்பாவா தீவின் தம்போரா வெடித்ததுதான் எழுதிவைத்த வரலாற்றில் மிகப் பெரிய வெடிப்பு. அந்தத் தூசு வானத்தில் பரவி அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போனது. அதைவிடப் பல மடங்கு பெரியது சுமத்ராவின் டோபா, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன். வெடித்த குழிதான் இன்று 100 கிலோமீட்டர் நீளமுள்ள டோபா ஏரி. அதன் சாம்பல் வங்காள விரிகுடாவின் அடிப்படிவிலும், ஆந்திராவில் ஜ்வாலாபுரம் என்ற ஊரிலும் அடுக்காகக் கிடைத்திருக்கிறது.

சிங்கப்பூர்ல தெனமும் மழைன்னு எம் பையன் சொல்றான் தம்பி. அங்க மழைக்காலம்னு தனியா கிடையாதா?

தினமும் இல்லை அம்மா, வருடத்தில் சராசரியாக 170 நாள் போல. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகைக்குள் இருக்கிறது. வருடம் முழுக்க வெயில் ஒரே அளவு. காலையில் சூடான காற்று மேலே ஏறும், மதியம் இடி மழை கொட்டும், ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடும். விடியலுக்கு முன் சுமத்ராப் பக்கமிருந்து காற்றோடு வரும் மழையும் உண்டு. இருந்தாலும் டிசம்பரில் கூடுதல். வடகிழக்குப் பருவக்காற்று அங்கேயும் உண்டு.

வடக்கே தாய்லாந்து, மியான்மர், கம்போடியா பக்கம் போனால் கதை வேறு. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை, அப்புறம் நல்ல வறட்சி. மண்ணில் வெடிப்பு விழும். கேரளாக்காரருக்கு அந்தப் பஞ்சாங்கம் புரியும், நமக்குத் தலைகீழ்.

நம்மள மாதிரி ஐப்பசி, கார்த்திகையில மழை வாங்குற ஊரு அங்க எதுவும் உண்டா?

உண்டு, அச்சு அசலாக. நடு வியட்நாம். ஹூவே, தா நாங் ஊர்களைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரை, முதுகுக்குப் பின்னால் அன்னம் மலைத்தொடர். தென்மேற்குக் காற்று வீசும்போது மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் லாவோஸில் பெய்துவிடும். ஜூன், ஜூலையில் மலை இறங்கி வருவது காய்ந்த அனல்காற்று. நமக்குச் சித்திரை முடிந்தும் அடிக்கிற மேல்காற்று இதே வேலைதான் செய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துவிட்டு வெறும் காற்றை அனுப்புகிறது. காற்று வடகிழக்குக்குத் திரும்பியதும் கடலைத் தாண்டி ஈரத்தோடு வரும். அக்டோபர், நவம்பரில் ஹூவே மூழ்கும்.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே மலை கரைக்கு மிக நெருக்கம். நாட்டின் அகலமே ஓரிடத்தில் 50 கிலோமீட்டர்தான். ஈரக்காற்று வந்த வேகத்தில் மலையில் மோதி ஏறுவதால் ஹூவேக்கு வருடத்தில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. நமக்கு அதில் பாதிகூட இல்லை. மலேசியாவின் கிழக்குக் கரையான கிளந்தான், திரங்கானுவும் இதே கணக்கில் வருட இறுதியில் வெள்ளம் பார்ப்பவை.

எங்க அப்பா சைகோன்ல வேலை பார்த்தவரு. அங்க மலையே கெடையாது, ஆறும் வயலும்தான்னு சொல்வாரு. டிவியில வியட்நாம்னா கடலுக்குள்ள மலை மலையா காட்டுறாங்களே?

இரண்டும் சரி. வியட்நாம் தெற்கு வடக்காக 1,600 கிலோமீட்டருக்கு மேல் நீளம். புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சுக்காரர் காலத்தில் போய் வேலை பார்த்த சைகோன் தென்கோடியில், மீகாங் டெல்டாவின் ஓரத்தில் இருக்கிறது. டெல்டா முழுக்க ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் மேலே. உங்கள் அப்பா கண்ணில் மலை பட்டிருக்காது.

டிவியில் காட்டுவது வடக்கே ஹாலாங் வளைகுடா. அது சுண்ணாம்புக்கல் தேசம். மழைநீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு லேசான அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லை அரிக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்தபின் செங்குத்தான குன்றுகளும் குகைகளும் மிஞ்சும். பிறகு முன்பு சொன்ன கடலேற்றம் வந்து குன்றுகளைத் தீவுகளாக்கியது. அதே அரிப்பு நடு வியட்நாமில் சோன் தூங் என்ற குகையைக் குடைந்திருக்கிறது. கொள்ளளவில் உலகிலேயே பெரியது. 2009-இல்தான் அளந்தார்கள்.

கம்போடியாவுல ஆறு ஒண்ணு பின்னாடி ஓடுமாமே, நெசமா சார்?

நிஜம். தோன்லே சாப் என்ற ஏரி, அதே பெயருள்ள ஆற்றால் நோம் பென் அருகே மீகாங்கோடு இணைந்திருக்கிறது. வறட்சிக் காலத்தில் ஏரித் தண்ணீர் ஆறு வழியாக மீகாங்குக்கு வடியும். ஜூன் வாக்கில் திபெத்திலிருந்தும் லாவோஸிலிருந்தும் வரும் நீரில் மீகாங் பெருகும்போது அதன் மட்டம் ஏரியைவிட உயர்ந்துவிடும். அப்போது தண்ணீர் திரும்பி ஏரிக்குள் ஏறும். சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் ஏரி 15,000 வரை விரியும். காடெல்லாம் மூழ்கி மீன் அங்கே போய்க் குஞ்சு பொரிக்கும். அக்டோபர், நவம்பரில் மறுபடி வடிய ஆரம்பிக்கும்.

கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாறு வழியாக வீராணத்துக்கு வருகிறது. கோடையில் அதே வடவாற்றில் ஏரித் தண்ணீர் கொள்ளிடத்துக்கே திரும்பி ஓடினால் எப்படி இருக்கும்? அதுதான் இது. மதகு, ஷட்டர் எதுவும் இல்லாமல், வெறும் மட்ட வித்தியாசத்தில் நடக்கிறது. மீகாங்கின் மேற்பகுதியில் அணைகள் கூடக்கூட இந்த ஏற்ற இறக்கம் குறைந்துவருகிறது. மீன்பிடியை நம்பியவர்களுக்கு அது நேரடி அடி.

நமக்கு வர்ற புயலெல்லாம் அங்கருந்துதான் கெளம்புதா?

எல்லாம் அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று நம் மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் சாய்த்த தானே புயல் வங்காள விரிகுடாவிலேயே உருவானது. ஆனால் பல புயல்களின் விதை அந்தப் பக்கமிருந்து வருகிறது. தென்சீனக் கடலில் இருந்தோ தாய்லாந்து வளைகுடாவில் இருந்தோ ஒரு காற்றழுத்தத் தாழ்வு மேற்கே நகர்ந்து, மலாய்த் தீபகற்பத்தின் குறுகலான கழுத்தைத் தாண்டி அந்தமான் கடலுக்கு வந்து மறுபடி வலுப்பெறும். 2018-இல் வேதாரண்யத்தில் கரையேறிய கஜா அப்படி வந்ததுதான். அந்தக் கழுத்து, கிரா நிலச்சந்தியில், 44 கிலோமீட்டர்தான். புயலை நிறுத்த அது போதாது. 1989 நவம்பரில் கே என்ற சூறாவளி புயலாகவே அதைத் தாண்டி வந்து ஆந்திராவைத் தாக்கியது.

சிங்கப்பூருக்குப் புயலே வராதுன்றாங்களே?

புயல் சுழல்வதற்கு பூமி சுழற்சியின் விசை வேண்டும். நிலநடுக்கோட்டில் அது பூஜ்யம். அதனால் பொதுவாக 5 பாகைக்குள் புயல் உருவாகாது. பொதுவாகத்தான். 2001 டிசம்பரில் வாமெய் என்ற சூறாவளி ஒன்றரை பாகையில், சிங்கப்பூருக்குப் பக்கத்திலேயே உருவாகி ஜொகூரில் கரையேறியது. தேர்வில் 'ஒருபோதும்' என்று வந்தால் யோசித்து டிக் அடியுங்கள்.

இந்தோனேசியாவுல காடு எரிஞ்சா மாசக்கணக்குல பொகை வருதே, அணைக்கவே முடியாதா?

எரிவது மரம் மட்டுமில்லை, தரையே எரிகிறது. சுமத்ரா, போர்னியோவின் சதுப்புக் காடுகளில் விழுந்த இலையும் கட்டையும் தண்ணீருக்குள் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து, சில இடங்களில் பத்து மீட்டருக்கு மேல் ஆழமான கரிச்சேறாகக் கிடக்கிறது. தண்ணீர் இருக்கும் வரை தீப்பிடிக்காது. தோட்டம் போட வாய்க்கால் வெட்டி வடிகட்டியதும் காய்ந்து எரிபொருளாகிவிடுகிறது. நெருப்பு நிலத்துக்கடியில் ஊர்ந்து வேறெங்கோ தலைகாட்டும். எல் நினோவால் மழை பொய்த்த 1997, 2015 இரண்டும் மோசமான ஆண்டுகள். நல்ல மழை விழுந்தால்தான் அடங்கும்.

இந்தப் பதிலுக்கு என் மேசையில் ஒரு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரித் துண்டு வைத்திருக்கிறேன். கையில் எடுத்தால் கல் கனம் இல்லை. பக்கவாட்டில் திருப்பினால் மரத்தின் வரி தெரியும். நகத்தால் கீறினால் பழுப்புத் தூளாக உதிரும். இதுவும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட வெப்பமண்டலச் சதுப்புக் காடுதான். மேலே கடலூர் மணற்கல் அடுக்கு படிந்து அமுக்கி, கோடி ஆண்டுக் கணக்கில் கரியாகிவிட்டது. போர்னியோவில் இன்று நடப்பது அந்த வேலையின் முதல் கட்டம்.

பிச்சாவரம் மாதிரி காடு அங்க உண்டா?

ஏராளம். உலகத்திலேயே அலையாத்திக் காடு அதிகமுள்ள நாடு இந்தோனேசியா, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போல. பிச்சாவரத்தின் சுரபுன்னையும் தில்லையும் அங்கேயும் வளர்கின்றன. வெதுவெதுப்பான கடல், அலை அடங்கிய கரை, ஆறு கொண்டுவரும் சேறு மூன்றும் சேர்ந்தால் போதும்.

பர்மாவுல பூமி அதிர்ந்தா பாங்காக்ல எப்படி சார் கட்டடம் விழுது?

2025 மார்ச் 28, மாண்டலே அருகே 7.7 அளவு. மியான்மரின் நடுவே தெற்கு வடக்காக ஓடும் சாகைங் பிளவில் நிலத்தின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசி நகர்ந்தன. இங்கே ஒன்றின் கீழ் ஒன்று போகவில்லை என்பதால் சுனாமி இல்லை. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள பாங்காக், சாவோ பிரயா ஆறு படியவைத்த மென்மையான களிமண்ணின் மேல் நிற்கிறது. தூரத்திலிருந்து வரும் மெதுவான அதிர்வை அந்தக் களி பெரிதாக்கும். உயரமான கட்டடங்கள் ஆடுவதும் அதே மெதுவான தாளத்தில்தான். கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய கட்டடம் அன்று சரிந்தது.

ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு இன்ஜின் இல்லாம எப்படிப் போனாரு?

காற்றை வைத்து. தென்மேற்குக் காற்று முதுகில் தள்ள விரிகுடாவைக் கடப்பதும், வாடை பிடித்ததும் திரும்புவதும் இந்தக் கடலில் எல்லாக் கப்பல்காரர்களின் கணக்கு. 1025-இல் நடந்த படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டில் நக்கவாரம், அதாவது நிக்கோபாரும் வருகிறது. நடுவில் தண்ணீர் பிடிக்க நிக்கோபார், அந்தமான் தீவுகளை விட்டால் வேறு நிலம் இல்லை. கடாரம் என்பது இன்றைய கெடா. அங்கே கரையோரச் சமவெளியில் குனுங் ஜெராய் என்ற மலை 1,217 மீட்டருக்குத் தனியாக எழுந்து நிற்கிறது. கடலில் வருகிறவர்களுக்கு வெகுதூரத்திலேயே அடையாளம். பழைய துறைமுகக் குடியிருப்பான பூஜாங் பள்ளத்தாக்கு அதன் அடிவாரத்தில்தான் இருக்கிறது.

அவ்ளோ வெயில் ஊருல பனிமலை இருக்கா? பாப்புவாவுல இருக்குன்னா அது ஆசியாவா, ஆஸ்திரேலியாவா?

பனி இரண்டு இடத்தில். மியான்மரின் வடகோடியில் காகாபோ ராசி, 5,881 மீட்டர். அது இமயமலையின் கிழக்கு முனை, ஆச்சரியமில்லை. இன்னொன்று நியூகினித் தீவின் இந்தோனேசியப் பாதியில் உள்ள பூஞ்சாக் ஜெயா, 4,884 மீட்டர். நிலநடுக்கோட்டிலிருந்து நான்கே பாகை. அந்தப் பனிப்பாறை வேகமாகச் சுருங்கி இப்போது சின்னத் துண்டுகளாக நிற்கிறது.

இரண்டாவது பாதிக்குத்தான் வகுப்பில் சண்டை நடக்கும். பனியூழிக் காலத்தில் நியூகினி ஆஸ்திரேலியாவோடு ஒரே நிலமாக இருந்தது. நடுவே உள்ள கடல் இன்றும் ஆழமற்றது. பாலி, லொம்போக் கேள்வியில் சொன்ன கோட்டுக்கு அது வெகுதூரம் கிழக்கே. மரத்தில் ஏறும் கங்காரு அங்கே உண்டு. புவித்தட்டைக் கேட்டாலும் விலங்கைக் கேட்டாலும் ஆஸ்திரேலியா என்றுதான் பதில் வரும். ஆனால் தீவின் மேற்குப் பாதி இந்தோனேசியாவின் ஆட்சியில் இருப்பதால் நாடுகளின் பட்டியலில் தென்கிழக்கு ஆசியாவாகிறது. கிழக்குப் பாதியான பாப்புவா நியூகினி தனி நாடு. அதை ஓசியானியாவில் சேர்ப்பார்கள். கேள்வித்தாளில் 'நாடு' என்று இருந்தால் ஒரு பதில், 'கண்டத்திட்டு' என்று இருந்தால் வேறு பதில்.